தள்ளி நின்று கேட்கிற ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவரின் அண்ணன் (நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்) எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, தெருவையும் தாண்டி, எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார்.

நான் ஹாலுக்குள் ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பிடித்தபடி நிற்கிறேன். நடுவாசலில் என் வீட்டுக்காரர். அண்ணன் சொல்வதை எனக்கு எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு.

“இன்னும் கூட்டணுமாம். அங்கன கேக்கலையாம்.”

கூட்டினேன்.

“இன்னுமாம்.”

“முடியாதுன்னு சொல்லுங்க!”

உயர்ரக ஸ்பீக்கரை இப்படியும் ஒருவர் சோதிப்பாரா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு வரவில்லை. என் ஸ்பீக்கர்கள் என் ஹாலில் இருப்பதா, தெருவுக்குப் போவதா என்று அந்தச் சோதனையில்தான் முடிவாக இருந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், திருத்தங்கலில் எனக்கு ஒரு பிரஸ் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறோம். இருபது வயதில் மிஷின் பக்கத்தில் நின்றவள், இன்னும் நிற்கிறேன். சீசன் வந்துவிட்டால் நாள் முழுக்க அந்தத் தடதடப்புதான். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. போன வருடம் மதுரையில் ஒரு டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். “கீச்சுன்னு வர்ற மெல்லிசான சத்தம்தாம்மா முதல்ல போகும். இப்பவே காதுக்கு மிஷின் வெச்சிக்கிட்டா நல்லது” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஷின் வாங்கவில்லை. ஸ்பீக்கர் வாங்கினேன்!

போகப் போகிறது என்றால், போவதற்குள் எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டுவிட வேண்டும்... அதுதான் என் கணக்கு. மிஷினை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், முதலாளியம்மாவுக்குக் காது போச்சு என்று பேசுவார்கள், ஆர்டர் சொல்ல வருகிறவர்கள் கத்திக் கத்திப் பேசுவார்கள். ஸ்பீக்கர் வாங்கினால் அந்தத் தொல்லை கிடையாது அல்லவா? அப்படித்தான் நினைத்தேன். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “காது கேக்காதவ வாங்கின ரேடியோவப் பாரு” என்று ஒரு விசேஷ வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஸ்பீக்கர் என்றால் அலமாரியில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. தரையில் நிற்கிற ரகம். என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், அடியில் கூர் கூரான இரும்புக் கால்கள். சுவரை விட்டு மூன்றடி முன்னால் நிற்க வேண்டும். ஒட்டி வைத்தால் அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் சுவரில் மோதி ‘கும்’ என்று குழம்பிவிடும். இரண்டுக்கும் எதிரே, நடுவில், ஒரே ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால்தான் பாடகர் நமக்கு எதிரே உட்கார்ந்து பாடுவது மாதிரி இருக்கும்.

எங்கள் ஊர் ஹாலில் இதெல்லாம் நடக்கிற காரியமா? வருகிறவர் போகிறவர் எல்லோரும், “ஏம்மா, நடுவுல தூணு மாதிரி நிக்குதே” என்று சொல்லிச் சுவரோரம் தள்ளுவார்கள். அவர்கள் போனதும் நான் இழுத்து முன்னால் வைப்பேன். டைல்ஸ் தரை எதிரொலிக்கிறது என்று கம்பளம் விரித்தேன். நாற்காலிக்குப் பின்னால், கலர் மாறிப்போய் ஆர்டர் திரும்பிய லேபிள் கட்டுகளை அலமாரி நிறைய அடுக்கினேன். காகிதக் கட்டு எதிரொலியை அப்படியே குடித்துவிடுகிறது. லட்சுமி வெடி, புஸ்வாணம், சங்குசக்கரம் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்க, நான் வீணை கேட்கிறேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த நிலையில்தான் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கியது. தெருவுக்கு வருடா வருடம் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரேடியோ செட் போடுகிறவர் இந்த முறை வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். விழாக் கமிட்டியில் பெரியத்தான்தான் தலைவர். பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறவர், தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் கையைப் பிசைந்தபோது எழுந்து சொல்லியிருக்கிறார்: “எதுக்கு வெளிய தேடுறீக? எங்க வீட்லயே ஆளுயரத்துக்கு ரெண்டு கிடக்கு!”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துப்போக வந்து நின்றார்.

“தர முடியாது, பெரியத்தான்” என்றேன்.

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அண்ணனுக்கு எதிராக அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“என்ன தாயி, சாமி காரியம். ரெண்டே நாளு. ஊருக்கு முன்னால சொல்லிப்புட்டேன்.”

“வெட்டவெளியில காலையிலேருந்து முழுச் சத்தத்துல ஓடினா உள்ள இருக்கிற கம்பிச் சுருள் கருகிரும். இது வீட்டுக்குள்ள கேக்க செஞ்சது.”

“நாங்களும் அவுக அவுக வீட்டுக்குள்ள இருந்துதான கேக்கப் போறோம்? எம்புட்டுதான் கேக்குதுன்னு பாத்துருவோமே. போடு.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவுக்குப் போய்விட்டார்!

அவரைத் தப்புச் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். திரியில் ஊதுபத்தி பட்டதும் வாங்குகிறவர், விற்கிறவர், சரக்கு செய்த ஃபோர்மேன் எல்லோரும் பின்னால் நடந்துவிடுவார்கள். நல்ல தூரம் போய் நின்று, அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்த்துத்தான் ஆர்டர். இந்த ஊரில் சத்தத்துக்குக் காட்டுகிற மரியாதையே தள்ளி நிற்பதுதான். என் ஸ்பீக்கரைக் கேட்க வந்தவர்கள் ஒருத்தர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. பாட்டு தொடங்கியதும் கால் தானாக வாசல் பக்கம் போய்விடும்.

வேப்பமரத்தடியிலிருந்து திரும்பி வந்த பெரியத்தான் உதட்டைப் பிதுக்கினார்.

“இம்புட்டுதானா? ஓலை வெடி கூட இதவிட நல்லாக் கேக்கும். நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கிடுதேன், தாயி.”

தப்பித்தேன்! அந்த நிமிடமே பேச்சை முடித்திருக்கலாம். என் வீட்டுக்காரர் கண்ணால் கெஞ்சினார். “விட்டுரு... அவரே வேண்டாங்கார்” என்று முணுமுணுத்தார்.

என்னால் விட முடியவில்லையே! வேண்டாம் என்று சொல்வது வேறு, ஓலை வெடி என்று சொல்வது வேறு. சுவரிலிருந்து மூன்றடி, நாற்காலி, கம்பளம் என்று ஒரு வருடமாக ஊரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“பெரியத்தான், இந்த நாற்காலியில உக்காந்து ஒரே ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு வேணும்னு தோணுச்சுன்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியத்தான் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான். ஒரு கால் வாசலைப் பார்த்து நீட்டியிருந்தது. நான் தினமும் கேட்கிற வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். அந்தக் காலத்து டேப்பில் பதிந்தது, மெருகேற்றாமல் அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகுதான் முதல் மீட்டு வரும். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அமைதி தொடங்கியது. பெரியத்தான் தலையைச் சாய்த்தார். முகம் மாறியது. சட்டென்று எழுந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“எந்திரி! தள்ளு தாயி, தள்ளு! ஏலே தம்பி, வெளிய ஓடு!”

அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ! நான் வாசற்படியில் இடித்துக்கொண்டு வெளியே விழாத குறை. அவர் தன் உடம்பை எனக்கும் ஹாலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே... வீணையின் முதல் மீட்டு கேட்டது.

பெரியத்தான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்ன பெரியத்தான்? என்ன ஆச்சு?” என்றேன்.

“திரி பத்துன சத்தம் கேட்டுச்சே, தாயி. ஸ்ஸ்ஸ்னு... அந்தப் பொட்டிக்குள்ளேருந்துதான்.”

“திரியா? ஒண்ணுமே இல்லையே. வெறும் அமைதிதான.”

என் வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார். “அது பழைய டேப்பு இரைச்சல். தொடக்கத்துல எப்பவும் கேக்குமே” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒனக்கு... கேக்காதா?”

மறுபடி போட்டேன். அமைதி. சத்தத்தைக் கூட்டினேன். அமைதி. ஸ்பீக்கரின் மேல்முனையில் இருக்கிற சின்ன வட்டத்தில் காதை வைத்தேன். அவர்கள் இருவரும் “ஆங், இந்தா... இப்ப” என்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு வருடமாக நான் ரசித்த அமைதி, அமைதியே இல்லை. எனக்கு அது கேட்கவில்லை, அவ்வளவுதான். போவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வாங்கி வைத்தேனே... போனது போய்விட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் முடியவில்லை, அடக்க விரும்பவும் இல்லை. அழுதேன்.

பெரியத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, தானாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை முதுகைச் சாய்த்து. கச்சேரி முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அவர் காது அவ்வளவு கூர்மையாக இருப்பதும் நியாயம்தான். பட்டாசு செய்கிற அறையில் ஏது இரைச்சல்? மிஷின் கிடையாது, செல்போன் கூடாது, இரும்போடு இரும்பு உரசக் கூடாது. வெடிக்கிற இடத்திலும் தள்ளியே நின்று காதைக் காப்பாற்றிக்கொண்டார். வெடிக்குப் படம் அச்சடித்த எனக்குத்தான் காது போய்விட்டது. யாரிடம் போய் இதைச் சொல்ல?

எழுந்தவர் சொன்னார்: “இதத் தெருவுல வெக்கக் கூடாது, தாயி. வெட்டவெளியில வெச்சா அந்த ஸ்ஸ்ஸு எவன் காதுல விழும்? மல்லாங்கிணத்துல நமக்குத் தெரிஞ்ச ரேடியோ செட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு. கால்ல விழுந்தாவது கூட்டியாந்துருதேன்.”

“கமிட்டியில கேட்டா என்ன சொல்லுவீக?”

“எங்க வீட்ல தர மாட்டேன்னுட்டாகன்னு சொல்லுவேன். நெசந்தான?”

ஊருக்கு முன்னால் கொடுத்த வாக்கை மாற்றிச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொன்னார். சொன்னபடியே குழாய் ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இதை எழுதும்போது தெருவே அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்க எனக்கு ஒரு உதவியும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். நாலு பேர் பார்ப்பார்களே என்றுதானே காதுக்கு மிஷின் வேண்டாம் என்றேன்? ஹால் நடுவில் இரண்டு தூண் நிற்பதை ஊரே வந்து பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இழுத்து இழுத்து முன்னால் வைத்தேனே, அந்தப் பிடிவாதம் காது விஷயத்தில் எங்கே போனது? ஸ்பீக்கருக்கு மூன்றடி இடம் விட்டவள், காதுக்குப் பின்னால் அரை இஞ்ச் விட மாட்டேனா?

புதன்கிழமை மதுரைக்குப் போனேன். டாக்டர், “ஏன் இவ்வளவு தாமதம்?” என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல மனிதர். முதலில் மாட்டிப் பார்த்துப் பழகுங்கள் என்று இரண்டு காதுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். பஸ்ஸில் வரும்போதே உலகம் நொய் நொய் என்றது. பக்கத்து சீட்டில் ஒருவர் முறுக்குக் கடித்தது பாறை உடைக்கிற மாதிரி கேட்டது. மறுநாள் அதோடுதான் பிரஸ்ஸுக்குப் போனேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். கைப்பையைக் கூட வைக்கவில்லை. அந்த வீணைக் கச்சேரியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஸ்ஸ்ஸ்...

எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன்!