ஒவ்வொரு நாளின் முதல் படம்

மாதா கோயிலில் அவருக்குப் பூனை என்று பேர். பூசை நடக்கும்போது ரப்பர் செருப்புடன் தூணுக்குத் தூண் சத்தமில்லாமல் நகர்வார். திரும்பிப் பார்த்தால் நின்ற இடத்தில் இருக்கமாட்டார். பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. கடை ஒன்பதரைக்குத் திறக்கும். அதற்கு முன் ஆறு மணிப் பூசை, கழுத்தில் கேமரா.

இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது. திருநாள் கூட்டத்தை யாரும் எடுப்பார்கள். அவர் நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் செவ்வாய்க்கிழமைப் பூசையையும் விடவில்லை. சாம்பல் பூசிய நெற்றிகள், குருத்தோலையை வாளாக்கிச் சண்டை போடும் பிள்ளைகள், முதல் நற்கருணையான புதுநன்மை வாங்க நிற்கும்போது அவிழ்ந்துபோன ஷூ லேஸ் எல்லாம் எடுத்தார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல நிற்கும் பாவசங்கீர்த்தன வரிசைப் பக்கம் கேமராவைத் திருப்பியதே இல்லை. சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது கேமராவை இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால், "அப்ப நானும் கொஞ்சம் பாக்கணும்ல" என்பார்.

மூத்த மகளுக்கு சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. அப்பா மாரடைப்பில் போய் நாலாம் நாள், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், அவருடைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்பதாயிரம் படங்கள். நாளுக்கு ஒரு ஃபோல்டர். அவற்றின் பெயர்கள்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கோயில் நாட்காட்டிப்படி 'பொதுக்காலம் 14, செவ்வாய்' என்பது போல எழுதி, பக்கத்தில் வருடம் போட்டிருந்தார். நாள் என்றால் தேதி வேண்டும் என்று நினைப்பவள் அவள். எல்லாப் படங்களையும் வாசித்த வரிசையில் எண் போட்டு, கேமரா பதிந்த தேதிப்படி புது டிஸ்க்கில் அடுக்க ஒரு நிரல் எழுதினாள். இருபது நிமிட வேலை. பிறகு பழைய டிஸ்க்கை, மீட்க முடியாதபடி, சுத்தமாகத் துடைத்தாள்.

ஒரே புத்தகத்தைத் தினம் எடுத்த படங்கள் ஏழாயிரத்துக்கு மேல் இருந்தன. ஃபோகஸ் சரிபார்க்க எடுத்திருப்பார் என்று அவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். அந்தத் தொட்டி முப்பது நாளில் தானாகவே காலியாகிவிடும்.

அதற்கப்புறம் திறந்து பார்த்தாள். முக்கால்வாசிப் படங்கள் ஜனவரி ஒன்றாம் தேதியில் குவிந்து கிடந்தன. அப்பாவின் கேமராக்கள் எல்லாம் யாரோ வைத்திருந்து கைமாறி வந்தவை. சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விடும். அவர் அதைச் சட்டை செய்ததில்லை. என்ன நாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாளின் படங்கள் அடுத்தடுத்த எண்களில்தான் இருந்தன. ஆனால் எந்த நாள் எங்கே தொடங்குகிறது, அது எந்த வருடம் என்பது பழைய ஃபோல்டர் பெயர்களோடு போய்விட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருடத்துக்கு ஒரு படமாக மண்டபத்தில் மாட்டலாம் என்றார் பங்குச் சாமியார். அப்பா அடுக்கித்தான் வைத்திருப்பார், எடுத்துக் கொடு என்றாள் அம்மா. சரி என்றாள் மகள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மனுஷர் போன நாலாம் நாளே அவர் உழைப்பையும் அழித்தவள் என்றால் அம்மா தாங்குவாளா?

காலத்துக்குக் காலம் மாறும் சாமியாரின் பூசை உடுப்பு நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தாள். ஊதா, பச்சை, வெள்ளை. வருடத்தில் இரண்டே ஞாயிறுகளில் வரும் ரோஜா நிறம்கூடக் கிடைத்தது. வருடம்தான் பிடிபடவில்லை.

இருபத்தேழாம் நாள் கோயிலுக்குப் போய், பூசைச் சாமான்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம், அப்பாவின் படங்களைப் பிரிக்க வேண்டும், பலிபீடத்துக் கம்பளம் எந்த வருடம் மாறியது என்று கேட்டாள். அவர் மெழுகுதிரிகளின் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்கும்மா என்கிட்ட கேக்கறே? முதல் படத்தைப் பாரு."

"எந்த முதல் படம்?"

"பூசைக்கு முன்னாடி வாசகப் புத்தகத்தை விரிச்சு வைப்பேன்ல. இன்ன வாரம், இன்ன கிழமைன்னு மேலயே போட்டிருக்கும். பின்னால, ஈஸ்டருக்குப் புதுசா ஏத்தற பெரிய பாஸ்கா திரி தெரியற மாதிரி நின்னு ஒண்ணு எடுப்பாரு. திரியில வருஷம் எழுதியிருக்கும். புத்தகத்துக்குப் பாஸ்போர்ட் போட்டோவா பூனைன்னு கேப்பேன்."

புத்தகப் படங்களைத் தொட்டியில் போட்டது நாலாம் நாள், இன்று இருபத்தேழு. விரலை மடக்கி இரண்டு தரம் எண்ணினாள். நன்றி சொன்னாளா என்று நினைவில்லை, வீட்டுக்கு ஓடினாள். தொட்டியைத் திறந்தாள். ஏழாயிரத்துச் சொச்சம் புத்தகங்களும் அப்படியே இருந்தன. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மீட்டெடுத்தாள்.

முதல் வருடத்துப் படங்கள் சிலவற்றுக்கு மட்டும் புத்தகம் இல்லை; மற்ற எல்லாம் அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் வரிசைக்கு வந்தது. ஒரே ஒரு திருத்தம் தேவைப்பட்டது. திரி பாஸ்காவுக்குத்தான் மாறும்; எனவே ஜனவரியிலிருந்து பாஸ்கா வரை எடுத்த படங்களுக்குத் திரியின் எண்ணோடு ஒன்று கூட்டினாள். ஃபோல்டர்களுக்கு அப்பா வைத்தபடியே பேர் வைத்தாள்.

அப்புறம்தான் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள்.

"நீயுமாடி?"

மகளுக்குப் புரியவில்லை.

"உங்கப்பா முதல் வருஷம் மொத்தத்தையும் கலைச்சுக் குழப்பிட்டு ரெண்டு நாள் வாயே திறக்கல. அதுக்கப்புறம்தான் அந்தப் புத்தகப் படம். என்னை நம்ப முடியாது, புத்தகத்தை நம்பலாம்னாரு. பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாத, கம்ப்யூட்டர் படிச்சவ, சிரிப்பான்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கினாரு."

அம்மாதான் முதலில் சிரித்தாள். மகளும் சிரித்தாள், கண் கலங்கியபடி. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மாதத்தில் முதல் தடவையாக, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டாள்.