நூல்மழைக்கு மேற்கோள்

நிகண்டை மனப்பாடம் செய்தவனுக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மலைக்கு மட்டும் எனக்குப் பத்துப் பதினைந்து பெயர் தெரியும். ஆனால் போடி மலையில் ஒருநாள்கூட ஏறியதில்லை. அப்படியிருந்தும் அந்த மலையைப் பாடி, அரங்கேற்றத்துக்கு நாளும் குறித்துவிட்டேன். வயசுத் திமிர்!

ஏலக்காட்டு மழைக்குத்தான் எந்தச் சொல்லும் ஒட்டவில்லை. அது விழுவதும் தெரியாதாம், உடம்பு மட்டும் நனைந்திருக்குமாம். அந்தக் காட்டில் வளர்ந்த என் மனைவி, "நூல்மழைன்னு போடுங்க. காய் பறிக்கையில எங்க ஆத்தா அப்படித்தான் சொல்லும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "சபையில கேட்டா, எங்க ஆத்தா சொன்ன சொல்லுன்னு சொல்லுவீகளா?" என்றாள். அவள் தாய் மலைக்காய்ச்சலில் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கோயில் மண்டபத்தில் அரங்கேற்றம். எந்தச் சொல்லுக்கும் சபையார் மேற்கோள் கேட்கலாம். பழைய நூல் ஒன்றைச் சொல்லத் தெரியாவிட்டால் பாட்டு தள்ளுபடி. நூல்மழை வந்ததும் மூத்த புலவர் கையை உயர்த்தினார்.

"இது எந்த நிகண்டுல இருக்கு தம்பி?"

ஏலம் பறித்த மாமியார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இல்லாத ஒரு நிகண்டுக்கு அங்கேயே பெயர் வைத்து, பழைய ஏட்டில் கண்டதாக அளந்துவிட்டேன். தான் படிக்காத ஏடு ஒன்று உண்டு என்று அந்த மனிதர் ஒப்புக்கொள்வாரா? "அதுவா! நானே ரெண்டு தரம் படிச்சிருக்கேனே" என்றார். அதோடு விட்டாரா? நூல் என்றது காவியமாம், வானம் இயற்றும் காவியமே அந்த மழையாம் என்று அரைமணி நேரம் சொற்பிறப்பு விளக்கினார். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பாட்டு தேறியது, சால்வையும் கிடைத்தது.

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பொறக்காத ஆளுக்குத் தூக்கிக் குடுத்திருக்கீக. எங்க ஆத்தாவுக்குக் குடுக்க மனசு வரலை, என்ன?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே புலவர் வீட்டுக்கு ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "வெளிய சொல்லிராத தம்பி. இல்லாத ஏட்டை நான் ரெண்டு தரம் படிச்சிருக்கேன்" என்றார்.

அடுத்த ஆவணியில் அவருடைய மாணாக்கர் ஒருவர் தம் பாட்டில் நூல்மழையைப் போட்டார். சபை மேற்கோள் கேட்டது. அவர் தயங்காமல் என் ஏட்டின் பெயரைச் சொன்னார். நானும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.