அப்பா அடுக்கிய கேக்

அப்பா வேலையிலிருந்து நின்ற முதல் வாரம், வீட்டில் இருந்ததையெல்லாம் கழற்றிப் போட்டார். காற்றாடி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினார். தண்ணீர்க் குழாய் சொட்டவில்லை. அதையும் கழற்றி மாட்டினார், அதற்கப்புறம் சொட்ட ஆரம்பித்தது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியே வயதானவர் அவர். பாலெட் என்கிற மரப்பலகையோடு பெட்டிகளைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் வேலை. நின்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரமும் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையிலும் வழக்கம்போல விடியுமுன்னே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

அம்மாதான் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"ஏங்க, எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன். அந்த மாமாக் டீக்கடையில உக்காந்து டீ குடிங்க. மத்த ஆம்பளைங்கல்லாம் அப்படித்தான இருக்காங்க?"

"உக்காந்து பாத்தேன் லா. எல்லாரும் சீக்கப் பத்தியே பேசுறானுங்க. இனிப்பு, பிரஷர், முட்டி வலி. எனக்கு ஒன்னும் இல்லடான்னா கோவப்படுறானுங்க."

பிறகு மீன் பிடிக்கப் போனார். மேருவில் காசு கட்டி மீன் பிடிக்கிற குளம் ஒன்று உண்டு. தூண்டிலைப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தபோது தூண்டில் கம்பையே மீன் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "உங்கள இழுத்துக்கிட்டுப் போவாம விட்டுச்சே, அது நல்ல மீனு."

அந்த வருஷம் ஹரி ராயாப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக் எங்களைக் கூப்பிட்டிருந்தார். மலாய்க்கார அம்மா, 'மாக்சிக்' என்றால் மலாயில் சித்தி, அத்தை மாதிரி. கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே அவர் அங்கே இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'அண்ணே'. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். மேசையில் கேக் லாப்பிஸ் வைத்திருந்தார். மெல்லிய அடுக்குகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். அப்பா மட்டும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கோடு எப்படி இவ்ளோ நேரா நிக்குது?" என்று மலாயில் கேட்டார்.

ஒரு கரண்டி மாவு ஊற்றி, மேல் சூட்டில் வேகவைத்து, வெளியே எடுத்துக் கட்டையால் மெல்ல அழுத்தி, அதன்மேல் அடுத்த கரண்டி ஊற்ற வேண்டும் என்று மாக்சிக் சொன்னார். கடைசி அடுக்கு வரை அப்படியேதான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடா? பாலெட் அடுக்குற மாதிரிதான்."

அடுத்த சனிக்கிழமை அவர் மாக்சிக் வீட்டு சமையலறையில் நின்றார். அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டுக்குக் கேக் சுடுகிற மின்சார அடுப்பு ஒன்று வந்துவிட்டது. அதுவரை ஒரு முட்டைகூடப் பொரித்து நான் பார்க்காத மனிதர். தெருவில் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். எதிர்வீட்டு அங்கிள் தினமும் கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணே, கல்யாண ஆர்டர் எடுக்குறீங்களா?" என்பார். அப்பா முட்டை அடித்துக்கொண்டே, "உனக்கு ரெண்டாங் கல்யாணம்னா ஓசியிலயே செஞ்சு தரேன்" என்பார். அங்கிளின் மனைவி உள்ளேயிருந்து கத்துவார்.

முதல் கேக் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் வந்தது. எங்கள் சமையலறைத் தரை கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காகக் கொஞ்சம் சரிவாக இருக்கும். அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு, கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து அடுப்பின் தலையில் வைத்தார். அந்தக் குமிழி நடுவில் வந்து நிற்கிறவரை அட்டையை மடித்து மடித்துக் கீழே சொருகினார். அம்மா நடக்க வழியில்லாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

தீபாவளிக்குத் தெரு முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் வருவது புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம், முட்டைகூடக் கிடையாது. அவசரப்பட்டு புரட்டாசியிலேயே கேக்கைச் செய்துவிட்டார். செய்யலாம், ஆனால் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நான் அந்த வாரம் லோரியில் ஜொகூருக்குப் போயிருந்தேன். உப்பு போட்ட வெண்ணெயை வாங்கி, அதற்குமேல் இன்னும் உப்பும் போட்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. தெரு முழுக்கப் போய்விட்டது. எல்லாரும் மரியாதைக்கு "நல்லா இருக்கு அண்ணே" என்றார்கள். மாக்சிக் மட்டும்தான் வேலிக்கு மேலாக எட்டி, "அண்ணே, இது கேக்கா, கருவாடா?" என்று மலாயில் கேட்டார்.

அதிலிருந்து நான்தான் அவருக்கு நாக்கு. நான் எதற்கும் விரதம் இருக்கிறவன் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மேருவில் ஒரு கிடங்கில் லோரி ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்தால் கை கழுவுமுன்னே ஒரு துண்டை நீட்டுவார்.

"எப்படி?"

"நல்லாருக்குப்பா."

"நல்லாருக்குன்னு கடைக்காரன்தான் சொல்வான். வாயில என்ன தெரியுதுன்னு சொல்லு."

எனக்கு அதையெல்லாம் சொல்லத் தெரியாது. பட்டை வாசனை முதலில் வருது, அப்புறம் வெண்ணெய், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஏதோ லேசாகப் பிடிக்குது, இப்படித்தான் உளறுவேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. ஓவர்டைம் முடித்து வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். எனக்கு அப்பா கிடைத்ததே அவர் வேலையை விட்ட பிறகுதான் என்று சொன்னால் தப்பில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். நான்தான் கொள்ளி வைத்தேன்.

மாதங்கள் போகப்போக ஒரு பயம் வந்தது. அவர் முகம் மறக்கவில்லை. கைப்பேசியில் நிறையப் படம் இருக்கிறது. அந்தக் கேக்கின் ருசிதான் மறந்துகொண்டே வந்தது. லோரி ஓட்டும்போது வாயில் அதை வரவழைத்துப் பார்ப்பேன். பட்டை வரும், வெண்ணெய் வரும். கடைசியில் பிடிக்குமே, அது வரவில்லை. எதையும் எங்கேயும் எழுதி வைத்தவர் இல்லை அவர். இந்தத் தீபாவளிக்கு நான் அதைச் செய்து பார்க்காவிட்டால் அடுத்த வருஷத்துக்குள் முழுசாகப் போய்விடும் என்று தோன்றியது. அவர் நம்பிக் கேட்டது என் நாக்கை மட்டும்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. நான் வெண்ணெயும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது?"

"அப்பா கேக் செய்யலாம்னு அத்தே."

"உனக்கென்ன கிறுக்கா? சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்புற வரைக்கும் பலகாரம் செய்யலாமா? அதுவும் நீ, கொள்ளி வச்ச கை! ஊரு கொண்டாந்து குடுக்கும், அத வாங்கிச் சாப்பிடணும். அதான் முறை."

"இது பலகாரம் இல்ல அத்தே. எண்ணெச் சட்டியே வைக்கல."

"எங்கிட்டயே சட்டம் பேசாத. இனிப்புன்னா இனிப்புதான். எந்தம்பி ஆத்மா அலையணுமா?"

அம்மாவைப் பார்த்தேன். அப்பா போனதிலிருந்தே அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். இருபத்து நான்கு வயதில், தெருவே பார்க்கிற மாதிரி.

மாக்சிக் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, நாங்கள் எப்போதும் பேசுகிற மலாயில், "உங்க ஆளுங்க முறைப்படி, வெளிய இருந்து வந்தா வாங்கிக்கலாம், அப்படித்தானே?" என்றார்.

"ஆமா மாக்சிக்."

"அப்போ என் வீட்டுல செய். என் அடுப்பு, என் மாவு, என் தட்டு. நான் கொண்டுபோய் உங்கம்மா கையில கொடுக்கிறேன். அந்த முட்டைய வச்சுட்டு வா, என்கிட்டயே இருக்கு."

அன்று மத்தியானம் முழுக்க அவர் சமையலறையில் நின்றேன். எனக்கு ருசிதான் தெரியும், செய்யத் தெரியாது. மாவைத் தொட்டு நாக்கில் வைப்பேன், பட்டை போதாது என்பேன், அவர் கொஞ்சம் போடுவார். ஒவ்வொரு அடுக்காக ஊற்றினேன். கரிந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்து, நிறம் மாறியதும் இழுத்து இழுத்து எடுத்தேன். முழங்கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன்.

தீபாவளி அன்று காலை மாக்சிக் நல்ல பாஜு குரோங் போட்டுக்கொண்டு, தட்டை மூடி எடுத்துக்கொண்டு, எங்கள் வாசல் வழியாக விருந்தாளி மாதிரி வந்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தை ஒரு துண்டு சாப்பிட்டார், இன்னொன்று எடுத்தார். "மலாய்க்காரம்மா கை தனிதான். நம்ம ஆளுங்களுக்கு இது வராது" என்று சொல்லி, பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் பொட்டலமும் கட்டிக்கொண்டார். மாக்சிக் சிரிக்காமல் நின்றார்.

நானும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். பட்டை வந்தது. வெண்ணெய் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கடையில் வாங்குகிற நல்ல கேக் மாதிரி இருந்தது. போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். தட்டைத் தூக்கி எறியணும் போல இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அம்மா பின்னாலேயே வந்தார். அவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது, பாதி கடித்தது. என் முழங்கையைப் பார்த்தார்.

"உங்கப்பா அவ்ளோ சீக்கிரம் எடுக்க மாட்டாரு," என்றார் மெதுவாக. "கருகுற வாசன வந்து, நான் இங்கேர்ந்து ஏங்க ஏங்கன்னு கத்துவேன்ல, அப்பத்தான் கதவத் தொறப்பாரு. வேணும்னே செய்வாரு. அந்தக் கசப்பு இல்லன்னா வெறும் சீனிம்பாரு."

"நீங்க அப்பா கேக்கச் சாப்பிடவே மாட்டீங்களேம்மா."

"ஒரு சட்டி விடாம சாப்பிட்டிருக்கேன். நீ வேலைக்குப் போன பொறவு அந்த மனுசனுக்கு வேற யாரு இருந்தா?"

அப்பா போனதிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான். கூடத்தில் அத்தை மாக்சிக்கிடம் உடைந்த மலாயில் செய்முறை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அவங்க வீட்டுல முட்ட இருக்கா?"

"இருக்கும்மா."

"உங்கத்த பஸ் ஏறட்டும். நானும் வரேன். எப்ப எடுக்கணும்னு நான் சொல்றேன்."