பன்னப் பற்றைக்குள் மூன்று பேர்

போன கோடையில் என்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் பஸ் பிடித்துக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். மரத்துக்கு மரம் கயிறு கட்டி ஏறவிடுகிற இடம். இடுப்பில் வார் மாட்டிவிட்ட டேனிஷ் பெடியன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, கீழே கோப்பி இருக்கிறது, விருப்பமென்றால் இருந்து குடிக்கலாம் என்றான். நான் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, மற்றப் பக்கத்தால் இறங்கி வந்துதான் கோப்பி குடித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வாளியோடு ஜன்னல் துடைக்கத் தொடங்கினேன். இன்றைக்கு எங்கள் ஹேர்னிங் நகரத்தில் பாதிக் கட்டடங்களின் கண்ணாடி என் ஆட்களின் கையால்தான் மினுங்குகிறது. பயம் என்ற சாமான் எனக்குச் சின்ன வயதிலேயே கிடையாது. நம்பாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் டென்மார்க்குக்கு வந்து அது முதல் கோடை. எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஆறு. அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, அந்த வசந்தத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார். வன்னியில் காட்டோரமாக வளர்ந்த மனிதர். தேன் எடுக்கவும் பாலைப்பழம் பொறுக்கவும் காட்டுக்குள் போய் வந்த கதைகள் அவரிடம் நிறைய இருப்பதாக அம்மா சொல்வா. ஆனால் இங்கே வந்த நாள் தொட்டு ஆள் வாயே திறக்கவில்லை. கதவு மணி அடித்தால் எழும்பி அம்மா சமைக்கிற குசினிக்குள் போய்விடுவார். சரியான கூச்சக்காரர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பெரியவர்கள் டேனிஷ் படித்த மொழிப் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்க் குடும்பங்களை ஒரு நாள் காட்டு விளையாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவுக்கு அன்றைக்குத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் நாலு பேரும் போனோம். காலையில் ஓடைக்கு மேலே கயிற்றுப் பாலம். ஒருவர் கையையும் பிடிக்காமல் முதல் ஆளாகக் கடந்தவன் நான்தான், அதை அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அம்மா சீலையை வரிந்து கட்டிக்கொண்டு பாதிவரை போய், பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வந்தா. அதைப் பார்த்து மாமா சிரித்தார். அவருடைய பல்லை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மத்தியானம் ஆளுக்கொரு வரைபடம் தந்தார்கள். காட்டுக்குள் நட்டிருக்கும் சிவப்புக் கம்பங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பவேண்டும். தாடி வைத்த வாத்தியார் திசைகாட்டியை நீட்ட, மாமா வேண்டாமென்று கையசைத்து, மேலே சூரியனைக் காட்டினார்.

அம்மா, தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் பாண் வாட்டிக்கொண்டிருந்தவ, நிமிர்ந்து பார்த்தா. "தம்பி, இது உன்ரை வன்னிக்காடு இல்லையடா. அந்தச் சாமானை வாங்கிக்கொண்டு போ."

"சும்மா இரக்கா. யானை இல்லை, பாம்பு இல்லை, முள்ளுக்கூட இல்லை. மரத்தை வரிசைக்கு நட்டு வச்சிருக்கிறாங்கள். இது காடே? தோட்டம்!" என்றவர் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டார். "வா மருமோன்."

வரிசைக்கு நட்ட மரங்கள்தான் எங்களை மாட்டிவிட்டன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம், ஒரே இடைவெளி. இரண்டு கம்பங்களைக் கண்டோம், மூன்றாவதைக் காணவில்லை. தங்கச்சி பசிக்கிறது என்று அழுதாள். மாமா அண்ணாந்து பார்த்து, "வெய்யில் இன்னும் நிக்குது. மூண்டு மணிதான் வரும்" என்றார். எங்கள் நாட்டில் அந்தக் கணக்குச் சரி. இங்கே ஆனி மாதத்துச் சூரியன் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெட்கமில்லாமல் நிற்கும் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை; நாலு மணி பஸ் எப்போதோ தவறிப்போயிருந்தது. மேற்கு என்று அவர் நடந்ததும் மேற்கில்லை. நடக்க நடக்க மாமா கதை சொன்னார். கரடிக் கதை, தேன்பூச்சிக் கதை. இவ்வளவு கதைக்கிற மனிதரா குசினிக்குள் ஒளிந்தவர் என்று எனக்கு ஆச்சரியம். நாங்கள் வழிதவறிவிட்டோம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அழவில்லை.

அப்போதுதான் நாய் குரைத்தது.

மரங்களுக்கு நடுவே ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் இரண்டு பேர், தூரத்து ஓரத்தில் நாயொன்று, தேட உதவிக்கு வந்த ஊர்த் தொண்டர்கள் பச்சைச் சீருடையில். மாமா தங்கச்சியை நெஞ்சோடு அணைத்து, என் பிடரியில் கையை வைத்து அமத்தினார். இடுப்பளவுக்கு இலை விரித்து நின்ற பன்னப் பற்றைக்குள் மூன்று பேருமாக விழுந்தோம். கீழே சேறு. ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனோம்.

அவர்கள் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு என் பெயரை.

"மாமா, எங்களைத்தான்…"

அவருடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. "பேர் தெரிஞ்செல்லோ வாறாங்கள். மூச்சு விடாதை."

எனக்கு விளங்கிவிட்டது. இதுவும் அன்றைய விளையாட்டுகளில் ஒன்று, ஒளிச்சுப் பிடிச்சு! டேனிஷ்காரர் நாயெல்லாம் கொண்டுவந்து எவ்வளவு திறமாக நடத்துகிறார்கள் என்று வியந்தேன். ஒரு சப்பாத்து என் மூக்குக்குக் கிட்டப் போனது, நான் அசையவில்லை. மாமாவின் நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. பச்சை உடுப்பும் நாயுமாகக் காட்டுக்குள் வருகிறவர்கள் அங்கே வன்னியில் யாரைத் தேடி வருவார்கள், அகப்பட்டவர்கள் திரும்பி வந்தார்களா என்பதெல்லாம் மீசை முளைத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

வரிசை எங்களைக் கடந்து போய்விட்டது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பின்னாலிருந்து இன்னொரு குரல்:

"டேய் தம்பி! எங்கையடா கிடக்கிறாய்? பிள்ளையளுக்குப் பசிக்குமெல்லே! பாணெல்லாம் ஆறிப்போச்சு, மாடு!"

அம்மா. பொலிஸ்காரருக்குப் பின்னால் சீலையைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு கையில் பாண் தடியோடு வந்துகொண்டிருந்தா. பக்கத்தில் நடந்த தொண்டர் ஒருவர் மரக்கிளையை விலக்கி அவவுக்கு வழிவிட்டார். மாமா அதைப் பற்றைக்குள் கிடந்தபடியே கனநேரம் பார்த்தார். பிறகு என் வாயிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மெல்ல எழும்பினார்.

எனக்கு வந்த ஆத்திரம்! "என்ன மாமா, இன்னும் கொஞ்சம் கிடந்திருந்தா நாங்கள்தான் வெண்டிருப்பம்!"

தங்கச்சி பாணைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மா மாமாவின் தூக்கிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டா. அவருடைய ஒற்றைச் சப்பாத்தைச் சேறு விழுங்கியிருந்தது. நாயைப் பிடித்திருந்த பெரிய பொலிஸ்காரர் பற்றைக்குள் இறங்கி அதைத் தேடி எடுத்தார். சேற்றைத் தன் காற்சட்டையில் துடைத்தார். பிறகு அந்த ஈர நிலத்தில் முழங்காலை ஊன்றி, மாமாவின் காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து, சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார்.

மாமா குனிந்து அந்தப் பொலிஸ் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் பக்கத்தில் டேனிஷ் கொஞ்சமாவது கதைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆகவே நெஞ்சை நிமிர்த்தி, பொலிஸ்காரரின் தோளில் தட்டி, இறுக்கிக் கட்டிவிட்டீர்கள், மாமாவுக்குக் கால் நோகிறது என்று சொன்னேன்.

அவர் மன்னிப்புக் கேட்டு, நாடாவை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இளக்கமாகக் கட்டிவிட்டார்.