செபத்துக்கும் ஏச்சுக்கும் வைத்திருந்த மொழி

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் என் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் தரைத்தளத்தில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. அவளுடைய நான்கு வயது மகள் அங்கேதான் போகிறாள். தங்கையும் அவள் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு விடுப்பு வரும் வாரநாள்களில் பிள்ளையை நான் அழைத்து வருவேன்.

அப்படிப் போன ஒரு நாள் தமிழ் ஆசிரியை என்னை வாசலில் நிறுத்தினார். பல நிலையங்களுக்கு மாறி மாறிப் போய்ப் பாடம் எடுப்பவர் அவர். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அலமாரியைக் குறுக்கே இழுத்துப் போட்டால் அதுதான் வகுப்பு.

"பாப்பாவுக்கு நான் சொல்றது எல்லாம் புரியுது சார். ஆனா பிளாஸ்டிக் மாம்பழத்தைக் காட்டி, இது என்ன கண்ணுன்னு கேட்டா, சாரி டீச்சர்ங்கறா. இல்லன்னா கைகூப்பிக்கிட்டு நிக்கறா."

தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு அது புதிய செய்தியாக இல்லை. தமிழ் வகுப்புள்ள நாளில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறாளாம்.

"அடுத்த வருஷம் தமிழுக்குப் பதிலா சைனீஸ் கிளாஸ்ல போட்டுடலாம்னு பாக்கறோம் அண்ணா. அங்க அவ ஃபிரண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க லா. பயந்துக்கிட்டு ஒரு பாஷை எதுக்கு?"

முடிவை மாதக் கடைசிக்குள் நிலையத்தில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆசிரியையை ஒரு முறை பார்த்துவிடு என்றேன். போனாள், நானும் உடன் போனேன். பிள்ளைகளுக்கான சிறிய நாற்காலிகளில் மூவரும் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தோம்.

"தப்பா நினைக்காதீங்க மா. வீட்ல புள்ளையை ஏசும்போது எந்த பாஷைல ஏசுவீங்க?"

"தமிழ்லதான். கோவம் வந்தா தமிழ்தானே வரும்?"

"விளையாடறப்போ?"

"இங்கிலீஷ்."

"கதை படிக்கிறது, தூங்க வைக்கிறது?"

 "அதுவும் இங்கிலீஷ்தான். ராத்திரி செபம் மட்டும் தமிழ்ல சொல்லுவோம்," என்றாள் தங்கை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். படுக்கப்போகும் முன் மெழுகுவத்தி ஏற்றி, மண்டியிட்டு, கைகூப்பிச் செபம் சொல்வது தங்கை வீட்டில் தவறியதே இல்லை. இதனால்தான் தமிழ் வீட்டில் இருக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தோம். இருந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் முழுக்க இரண்டு வேளைகளுக்குரியது. ஒன்றில் மண்டியிட வேண்டும், மற்றதில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மாம்பழத்தைக் காட்டியவரிடம் அவள் இரண்டில் ஒன்றைச் செய்திருக்கிறாள்.

"அப்ப இனிமே இங்கிலீஷ்ல ஏசுங்க," என்றார் ஆசிரியை. "தமிழ்ல கொஞ்சுங்க."

கேட்க எளிதாக இருந்தது. அன்று மாலையே தங்கை தரையில் உட்கார்ந்து, "வாடா தங்கம், விளையாடலாம்," என்றாள். பிள்ளை அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பரப்பி வைத்திருந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

தங்கையின் கணவர் சோபாவில் இருந்து சிரித்தார். "உன் தமிழைக் கேட்டா நானே எந்திரிச்சு வீட்டைக் கூட்டிடுவேன் போல."

தங்கை சிரிக்கவில்லை. கட்டைகள் எல்லாம் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து தேக்கா சந்தைக்குப் போனோம். மீன் கடைக்காரர் பிள்ளையைக் குனிந்து பார்த்து, "என்ன மேடம், உங்களுக்கு வெட்டிக் குடுக்கவா, முழுசா தின்னுடுவீங்களா?" என்றார். பிள்ளையின் கண் உடனே தாயின் முகத்துக்குப் போனது. யாரோ தன்னைக் கண்டிக்கிறார், எதற்கு என்று தெரியவில்லை என்ற பார்வை. தாய் சிரித்ததும் கடைக்காரரை மறுபடி பார்த்தாள். அந்தச் சந்தையில் இத்தனை பேர் தமிழில் விலை பேசிக்கொண்டும் கேலி செய்துகொண்டும் இருந்தார்கள். அவர்களில் யாரும் கைகூப்பி நிற்கவில்லை. இதை அவள் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த வாரங்களில் தங்கை குளிப்பாட்டும் நேரத்தைத் தமிழுக்கு ஒதுக்கினாள். அவளுக்கே சொற்கள் வரவில்லை. நுரை, குமிழி, வழுக்குது என்று யோசித்து யோசித்துச் சொல்வது கூடத்தில் எனக்குக் கேட்கும். பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள். கோபம் வரும்போது தங்கை வாயைத் திறந்து, நிறுத்தி, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வாள். அந்த இடைவெளியில் பாதிக் கோபம் போய்விடும். மீதி பலவீனமாக வெளியே வரும்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது, நிலையத்தில் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் தங்கை துண்டோடு நின்று, "வா, குளிக்கலாம்," என்றாள்.

பிள்ளை தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வேணாம். நீ போ."

அந்தப் பிள்ளை தமிழில் எதையும் மறுத்து நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் அம்மாவை நீ என்று சொன்ன பிள்ளையும் கிடையாது. தங்கையின் கணவர் எழுந்தார்.

"ஏய், அம்மாவை யாராச்சும் அப்படி..."

"லீவ் இட்," என்றாள் தங்கை, அவரைப் பார்க்காமலே.

பிள்ளை இப்போது நிமிர்ந்து எங்கள் மூவரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம்," என்றாள் மறுபடியும், இந்த முறை கொஞ்சம் உரக்க.

"சரி," என்றாள் தங்கை. "அப்ப எப்ப குளிக்கப்போற? நீயே சொல்லு."

பிள்ளை யோசித்தாள். தமிழில் அதற்கு அவளிடம் சொல் இல்லை. தங்கை துண்டை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.