மழைச்சட்டைக்கு ஊற்றிய சாஃப்ட்னர்

இன்று பல்லடம் பஸ்ஸில் என் பழைய மாணவி சுமதியைப் பார்த்தேன். அருள்புரத்தில் கணவரோடு சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறாள்.

அவள் மடியில் குழந்தைகளுக்கான ஒரு மழைச்சட்டை. தீங்கான ரசாயனம் இல்லாமல், மெழுகாலேயே தண்ணீர் ஒட்டாதபடி செய்ய மாதக்கணக்கில் பாடுபட்டார்களாம்.

"ஆர்டர் குடுக்க வந்த பையர் தண்ணி ஊத்திப் பார்த்தாருங்க டீச்சர். அப்படியே ஊறிப்போச்சுங்க."

"ஏன் கண்ணு?"

"கொழந்த போடறதாச்சே, மெத்துன்னு இருக்கட்டும்னு எங்க வீட்டுக்காரரு கடைசியா சாஃப்ட்னர் ஊத்திட்டாருங்க. எப்பவும் ஊத்தற கைதானுங்களே."

தாமரை இலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி, மெழுகின் வேலை கெட்டுவிட்டது.

"திட்டுனியா?"

"எப்படீங்க? சோறே திங்காம உக்காந்திருக்காரு. ஆர்டர் போச்சு, இனிப் பழைய கெமிக்கல்தானுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

துணியை மெத்தென்று ஆக்காமல் விட நம் ஊரில் யாருக்காவது மனம் வருமா? அப்படி ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், சுமதியிடம் வேலைக்கு அனுப்புகிறேன்.