அண்ணி காதால் பொரித்த பேக்கன்

ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாளாகியும் நான் பையைப் பிரிக்கவில்லை. அண்ணன் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒன்பது அடி. அதற்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏன்டி ஊர்சுத்தி, இந்த நடையை நேரா நடந்திருந்தா இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்ப," என்றாள் அண்ணி.

அவளும் அந்த வாரம் நிலைகொள்ளாமல்தான் இருந்தாள். பதினோரு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஆறு பெரிய இயந்திரங்கள் ஒன்றாக உறுமும் அறை அது. எதில் துணி ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது, எதில் தண்ணீர் வடிந்து முடிந்தது என்று அண்ணி முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வாளாம். மெக்கானிக்கே அவளைக் கேட்டுவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவானாம். இப்போது அந்தக் கூடத்தை மூடுகிறார்கள். அந்த வாரத்தோடு வேலை போகிறது.

இரண்டு தெரு தள்ளி ஒரு காலை உணவுக் கடையில் அடுப்படிக்கு ஆள் தேவைப்பட்டது. சனிக்கிழமை வந்து சமைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஓடுவது முட்டையும் பேக்கனும்தான். முட்டை அண்ணிக்குக் கைவந்தது. உப்பும் புகையும் ஏறிய அந்தப் பன்றி இறைச்சிச் சீவலைத்தான் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை நாலு துண்டு பொரித்ததோடு சரி.

"இது கிடைச்சே ஆகணும். நாப்பத்தொரு வயசுல வேற யாரு என்னைக் கூப்பிடப்போறா?"

எனக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பயணத்தில் பாதி நாட்கள் விடுதிச் சமையலறைகளில் கழுவியும் கிளறியும்தான் பிழைத்தேன். பேக்கனை எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று என்னைவிடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமையே நாலு பொட்டலம் வாங்கி வந்துவிட்டேன்.

சூடான சட்டியில் போட்டால் துண்டு துள்ளிச் சுருண்டுகொள்ளும். ஓரம் கருகும், நடுவில் கொழுப்பு வெள்ளையாகவே நிற்கும். ஆறின சட்டியில் அடுக்கிவிட்டு, பிறகு சின்னத் தீயாகப் பற்றவைத்தால் கொழுப்பு தானாக உருகி, துண்டு தன் நெய்யிலேயே பொரியும். அண்ணன் தன் பங்குக்கு இரண்டு காகிதத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மைக்ரோவேவில் செய்து காட்டினான்.

"ரெண்டே நிமிஷம். இதுக்குப் போய் நாள்கணக்குல பயிற்சியா?"

அண்ணி ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினாள். டொக்கென்றது. "செருப்புக்கு அடியில ஒட்டிக்கோங்க."

நான் ஓவனில்தான் பிடிவாதமாக இருந்தேன். தட்டில் ஃபாயில் விரித்து, இருபது துண்டை வரிசையாகப் போட்டு உள்ளே தள்ளினால் முடிந்தது. திருப்பவேண்டாம், தெறிக்காது. கடைக்கு அதுதான் சரி. ஆனால் அண்ணி அதில் மூன்று முறை தோற்றாள். ஒருமுறை பச்சை, இரண்டு முறை கரி. மணி வைத்துக்கொள்ளச் சொன்னால், ஒரு பொட்டலம் தடி, ஒரு பொட்டலம் மெல்லிசு, மணிக்கு என்ன தெரியும் என்றாள்.

"இது ஊமை அடுப்பு. ஒண்ணும் சொல்லமாட்டேங்குது."

அவளுக்குப் பிடித்தது தண்ணீர் ஊற்றும் முறை. சட்டியில் துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுவது. தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு இறங்கிவிடும், அதிலேயே துண்டு சிவக்கும். முதலில் களகளவென்று கொதி. பிறகு படபடவென்று வெடிப்பு. கடைசியில் யாரோ பல் இடுக்கில் மூச்சு விடுவதுபோல் ஒரு சீறல். அந்தச் சீறல் வந்ததும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் அண்ணி திரும்பி அடுப்பை அணைப்பாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

வியாழக்கிழமை தப்பியது. நான் நடந்துகொண்டே ஏதோ ஒரு ரயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டி கருகியது. அதைவிட மோசம், அடுப்போரம் கிடந்த கைப்பிடித் துணியில் தீ ஏறிவிட்டது. ஹால்வரை நாற்றம். அண்ணி இரண்டடி தள்ளி நின்று முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பாய்ந்துபோய்த் துணியைத் தொட்டியில் எறிந்தேன்.

"அண்ணி, வாசனை வரல உங்களுக்கு?"

அவள் ஜன்னலைத் திறந்தாள். தொட்டியில் மிதந்த துணியைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா வரல. அப்ப வந்த ஒரு காய்ச்சலோட போச்சு. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாத. கேஸ் அடுப்புப் பக்கமே விடமாட்டாரு. அந்தக் கடைக்காரம்மாவும் விடமாட்டாங்க."

அப்போதுதான் புரிந்தது. அவள் பேக்கனை ஒருநாளும் முகர்ந்து பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நானும் கூடப் போனேன். கடை திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். கடைக்காரம்மா முழங்கை வரை மாவாக வந்து, "பன்னெண்டு துண்டு போடும்மா," என்று சொல்லிவிட்டு, அடுப்புக்கு மேலிருந்த புகைப்போக்கி மின்விசிறியின் பொத்தானை அழுத்தினாள். விமானம் கிளம்புவது போல ஒரு இரைச்சல்.

அண்ணியின் முகம் மாறியது. துண்டுகளைப் போட்டுவிட்டுச் சட்டிக்கு மேல் காதைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். நான் நினைத்தால் கை நீட்டி அடுப்பைக் குறைக்கலாம், ஜாடை காட்டலாம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏம்மா, கருகுதே! மூக்கு இல்லையா உனக்கு?"

அண்ணி அடுப்பை அணைத்தாள். இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. எனக்கு வாசனையே வராது. காதாலதான் சமைக்கிறேன். இந்தக் காத்தாடியைப் பத்து நிமிஷம் நிறுத்துங்க. அப்புறம் போகச் சொன்னா போயிடறேன்."

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வேடிக்கை பார்க்கும் ஆசையில்தான் நிறுத்தினாள் என்று நினைக்கிறேன். அண்ணி தண்ணீர் விட்டு, துண்டுகளை அடுக்கி, தீயை ஏற்றிவிட்டு, சட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். களகள. படபட. பிறகு நானே அறிந்துகொண்ட அந்தச் சீறல்.

"இப்ப," என்று திரும்பினாள்.

கடைக்காரம்மா ஒரு துண்டைத் தின்றாள். இன்னொன்றும் தின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்தாடி இல்லாம கடை நடத்தினா நாளைக்கே இன்ஸ்பெக்டர் வந்து பூட்டுப் போட்டுடுவாரு." விரலை நக்கிக்கொண்டு யோசித்தாள். "பின்னாடி ரூம்ல ஓவன் இருக்கு. அங்க சத்தம் வராது. பால், கறி கெட்டிருக்கான்னு மோந்து பாக்க நான் இருக்கேன். ஓவன்ல போடுவியா?"

பின்னறைக்குப் போய், வேண்டாத சம்பந்தியைப் பார்ப்பது போல அண்ணி அந்த ஓவனைப் பார்த்தாள். தட்டை அடுக்கி உள்ளே தள்ளினாள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது, கடித்துக்கொண்டேன். அவள் குந்தி உட்கார்ந்து, சூடு படாத தூரத்தில் கதவருகே காதை வைத்தாள். முதலில் திறந்தபோது வெளுத்திருந்தது. மறுபடி தள்ளினாள். இரண்டாம் முறை ஒரு ஓரம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது.

"ஒரு பக்கம் அதிகம்," என்றாள் கடைக்காரம்மா, மென்றுகொண்டே. "திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் வா. பாக்கலாம்."

அன்று மத்தியானம் அண்ணி அவளாகவே அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவன் எழுந்துபோய் கேஸ் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தான்.

"என் சாக்ஸைப் பத்தி ரெண்டு வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லல. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு ஓவனில் இருபது துண்டு. அண்ணி தரையில் உட்கார்ந்து காதைச் சாய்த்திருந்தாள். நான் ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடுவில்.

"ஏய் ஊர்சுத்தி. உன் காலடிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நாளைக்கு எனக்கு வேலை இருக்குடி. உக்காரு."

பிரிக்காத என் பையின் மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓவன் கதவுக்குப் பின்னாலிருந்து, தகரத்தில் தூறல் விழுவதுபோல, மிகச் சன்னமாக வந்தது.

பொறு என்பதுபோல அண்ணி விரலை உயர்த்தினாள். இன்னும் திறக்கவில்லை.